காதுரா என்ற பிள்ளை

ரங்கூன்
2 மார்ச் 1930

ஷம்ஷாத் லாத்தாவுக்குத் தம்பி காதர் ஸலாம் சொல்லி எழுதுவது.

திட்ட வேண்டியதை எல்லாம் முதலில் திட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் இதைப் படி. நான் சாகவில்லை. முகத்துவாரக்குப்பத்துப் பக்கம் என் உடம்பு ஏதாவது கரை ஒதுங்கியிருக்கிறதா என்று வாப்பா ஆள் அனுப்பித் தேடினாராம். இங்கே வந்த கப்பல்காரன் ஒருவன் சொன்னான். அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. நான் ரங்கூனில் இருக்கிறேன். மொகல் தெருவில் நாகூர் சௌக்கத் அலி பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. பகலில் அவருக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் வேலை.

சொல்லாமல் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். எனக்கு ஜீனத்தைப் பெண் பேசப் போன இடத்தில் அவளுடைய மாமா எல்லார் முன்னாலும் வாப்பாவைக் கேட்டார். "இன்னா பாய், புள்ள யாரு வூட்டு ரத்தம்? எம்டன் குண்டு போட்டப்போ ரோட்டுல கெடந்ததாமே?" வாப்பா, என் பிள்ளை என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். மறுபடி கேட்டதற்கு அறைந்தார். பத்தொன்பது வயசில் வாங்குகிற அறை உறைக்காது என்று நினைக்காதே.

உம்மாதான் பிறகு அழுதுகொண்டே சொன்னாள். ஜெர்மன்காரன் கப்பல் பட்டணத்தின் மேல் குண்டு போட்டு, துறைமுகத்து எண்ணெய் டாங்குகள் எரிந்த இரவு. ராயபுரமே வடக்கே பார்த்து ஓடியதாம். திருவொற்றியூர்ச் சாலையில் ஒரு மூன்று வயசுப் பிள்ளை தனியாக நின்றிருக்கிறது. பேர் என்ன என்று கேட்டால் "காதுரா, காதுரா" என்றிருக்கிறது. நீங்கள் நாகூரிலிருந்து வந்து அப்போது ஆறு மாசம்கூட ஆகவில்லை. உங்கள் காதில் அது காதர் என்று விழுந்தது. நாகூர் ஆண்டவர் தம் பேரையே வைத்துக் கொடுத்த பிள்ளை என்று வாப்பா தூக்கிக்கொண்டார். போலீசில் சொல்லியும் யாரும் தேடி வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் வாயே திறக்கவில்லையாம். திறந்தபோது தமிழ்தான் பேசினேனாம்.

இதைக் கேட்ட அதே வாரம் நான் வாப்பா கடைக் கயிற்றைக் கப்பலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தெலுங்குக் கூலி தப்பான கயிற்றை இழுத்துவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவனைப் பார்த்து, காதுரா என்றான். அது இல்லடா என்று அர்த்தமாம். லாத்தா, அது என் பேரே இல்லை. நீங்கள் பேர் வைக்க வைக்க, நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

துறைமுகத்தில் தண்டபாணி மேஸ்திரியைப் பிடித்து விசாரித்தேன். எண்ணெய் டாங்கு ஓரத்தில் குடிசை போட்டிருந்த தெலுங்குக்காரர்களில் கெங்கம்மா என்று ஒருத்தி அந்த இரவில் ஒரு பிள்ளையைத் தொலைத்தாளாம். அழுது ஓய்ந்து, மிச்சக் குடும்பத்தோடு ரங்கூன் கப்பல் ஏறிவிட்டாளாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். நானும் கப்பல் ஏறிவிட்டேன்.

வீரமாக வந்துவிட்டேன். இப்போது அவளைக் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வாப்பாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

காதர்


ராயபுரம்
14 மார்ச் 1930

அடே காதர்,

திட்டி முடிக்க ஒரு கடிதம் போதாது, அதனால் தொடங்கவில்லை. பதினாலு வயசில் கட்டுமரத்தில் ஒளிந்துகொண்டு எண்ணூர் வரை போனாய். பதினாறில் தோணி ஏறிக் கொழும்பு போனாய். இரண்டு தடவையும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்து உம்மாவின் மீன் ஆணத்தைச் சட்டியோடு காலி செய்தாய். இதுவும் அப்படித்தான் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போதெல்லாம் நீ ஊர் பார்க்கப் போனாய். இப்போது எங்களை விட்டுப் போயிருக்கிறாய்.

உன் கடிதத்தை வாப்பா தொடவில்லை. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து உம்மாவுக்குப் படித்தேன். வாசல் பக்கம் வாப்பா கயிறு முறுக்கும் சத்தம் நின்றுபோயிற்று. நான் படித்து முடித்த பிறகுதான் மறுபடி கேட்டது. வாப்பா அறைந்த விஷயம் வந்த இடத்தில் உம்மா வேண்டுமென்றே என்னைக் குரலை உயர்த்திப் படிக்கச் சொன்னாள்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயசு. அந்தச் சாலையில் உன்னைத் தாண்டி எத்தனையோ பேர் ஓடினார்கள். நானும் தாண்டித்தான் ஓடினேன். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து உன்னைத் தூக்கினேன். நீ என் தோளில் மூத்திரம் பெய்தாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துக் கற்றது, புருஷன் செத்து இந்த வீட்டுக்கே திரும்பி வந்தது எல்லாம் எனக்கு நடந்தவை. உன்னைத் தூக்கியது ஒன்றுதான் நானாகச் செய்தது.

அந்தக் கெங்கம்மா கிடைத்துவிட்டால் நீ யாருடைய தம்பி என்று எனக்கு எழுது. ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனாலும் அவள் கிடைக்கக் கூடாது என்று துஆ கேட்கவும் வாய் வரவில்லை.

ஷம்ஷாத்


ரங்கூன்
6 ஏப்ரல் 1930

லாத்தா,

கண்டுபிடித்துவிட்டேன்.

ஆற்றுத்துறையில் அரிசி மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள் எல்லாம் தெலுங்குக்காரர்கள். இங்கே அவர்களைக் கொரங்கி என்கிறார்கள். நம்மைப் போன்ற தமிழ் முஸ்லிம்களுக்குப் பேர் சூலியா. கொரங்கிகள் தங்கும் கூலி லயன் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். தொப்பி போட்டவன் வந்து ஆள் பேரை விசாரித்தால் போலீஸ் அனுப்பியவன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு கிழவர், கெங்கம்மா இரண்டு வருஷத்துக்கு முன் காலராவில் போய்விட்டாள், மகன் போலய்யா இருக்கிறான் என்று காட்டினார்.

இருபத்தைந்து வயசு இருக்கும். நல்ல உயரம். நான் உம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் மூட்டையை இறக்கி வைக்காமலே கேட்டுக்கொண்டு நின்றார். இன்னாத்துக்கு இதெல்லாம் என்னாண்ட சொல்ற என்று கேட்டார். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். மூட்டை கீழே விழுந்தது.

"என் தம்பிக்கு இன்னா கேட்டாலும் அதான் பதிலு. சோறு துன்றியாடான்னா காதுரா. குளிக்க வாடான்னா காதுரா. எங்கம்மா சிரிச்சிகினே அடிப்பா" என்றார். அப்புறம் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டார். அந்த இரவு என் கையைப் பிடித்திருந்தது அவர்தான், லாத்தா. அவருக்கு ஒன்பது வயசு. கூட்டத்தில் கை நழுவிவிட்டது. எந்தக் கையில் பிடித்திருந்தாய், எந்தக் கையில் பிடித்திருந்தாய் என்று கெங்கம்மா சாகிறவரை அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

என் பேர் எல்லய்யாவாம். அவர் அப்படிக் கூப்பிட்டால் எனக்குத் திரும்பத் தோன்றவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் வெட்கத்தோடு காதர் என்றே கூப்பிடுகிறார். அவர் தன் கூட்டத்தோடு பேசும் தெலுங்கு எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. தேடியது கிடைத்தால் மனசு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. அந்த லயனில் இருக்கும்போது நான் தொப்பி போட்ட அந்நியன். கடைக்கு வந்தால் அண்ணனை மறைத்து வைத்திருக்கிற ஆள் மாதிரி இருக்கிறது.

நீ கேட்ட கேள்வியை இரண்டு இடத்திலும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

காதர்


ராயபுரம்
19 ஏப்ரல் 1930

காதருக்கு,

படித்துக் காட்டும்போது உம்மா இடையில் மறித்து ஒன்றுதான் கேட்டாள். அவனைப் பெற்றவள் இருக்கிறாளா? செத்துப்போனாள் என்றேன். உம்மா முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். உடனே எழுந்து போய்த் தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு வந்து, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக நெடுநேரம் அழுதாள்.

வாப்பா என்னிடம் பேசவில்லை. ஆனால் சோறு போடும்போது, அந்த அண்ணன்காரன் என்ன வேலை செய்கிறான் என்று உம்மாவைக் கேட்டாராம். மூட்டை தூக்குகிறான் என்றதும், தோளுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல் என்றாராம். இது யாருக்குச் சொன்னது என்று உம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நிலைமை சரியில்லை. கடற்கரையில் உப்புக் காய்ச்சுகிறவர்களைப் போலீசார் தடியால் அடிக்கிறார்கள். வண்ணாரப்பேட்டைக்குத் துணி வாங்கப் போனவர்கள் பாதியில் திரும்பி ஓடி வந்தார்கள். ரங்கூனிலும் கூலிகளுக்குள் புகைச்சல் என்று துறைமுகத்தில் பேச்சு அடிபடுகிறது. நீ அந்த லயன் பக்கம் அதிகம் போகாதே என்று எழுத நினைத்தேன். அது உன் அண்ணன் வீடு. போகாதே என்று சொல்ல நான் யார்?

தொழுகிறாயா? இல்லையென்றாலும் பொய்யாக ஆமாம் என்று எழுது.

ஷம்ஷாத்


ரங்கூன்
9 மே 1930

லாத்தா,

ஐந்தாம் தேதி சாயங்காலம் பூமி ஆடியது. கடைச் சுவர் பிளந்து எங்கள் சமையல்காரர் காலில் விழுந்தது. எத்தனையோ வீடுகள் போயின. எனக்கு ஒன்றுமில்லை. தரை நின்றதும் போலய்யா அண்ணன் துறையிலிருந்து ஓடியே வந்தார். செருப்பு இல்லை, கால் முழுக்க ரத்தம். தெருவில் நின்று என் பேரைச் சொல்லிக் கத்தினார். காதர் என்றா எல்லய்யா என்றா என்று எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் திரும்பிப் பார்த்தேன். என் கையைப் பிடித்தவர் விடியும்வரை விடவில்லை.

இப்போது கூலி போதாது என்று கொரங்கிகள் வேலைநிறுத்தம் தொடங்கியிருக்கிறார்கள். கப்பல் கம்பெனிகள் பர்மியர்களைக் கொண்டுவந்து மூட்டை தூக்க வைக்கின்றன. இத்தனை நாள் கிடைக்காத வேலை அந்தப் பாவங்களுக்குக் கிடைத்திருக்கிறது. நாளைக்கு இவர்கள் திரும்பிப் போனால் அவர்களைத் துரத்திவிடுவார்கள். அப்போது என்ன ஆகும் என்று சௌக்கத் பாய் தலையைப் பிடித்துக்கொள்கிறார். அண்ணன் சிரிக்கிறார். நமக்கு இன்னா பயம், நாம எவன் வூட்டுச் சோத்தைப் புடுங்கினோம் என்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இங்கே எல்லார் கண்ணும் மாறிவிட்டது.

தொழுகிறேன். பொய் இல்லை.

காதர் என்கிற எல்லய்யா


ராயபுரம்
20 மே 1930

காதர்,

கையெழுத்தைப் பார்த்தேன். வைத்துக்கொள். அது உன் பேர்தானே. நாலு நாள் அடுப்பங்கரையில் பாத்திரங்களை உருட்டிவிட்டு, இப்போது சமாதானமாகிவிட்டேன். உம்மா அந்தப் பேரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நேற்று ரங்கூன் கப்பலில் வந்தவர்கள் வாப்பா கடையில் நின்று பேசினார்கள். வேலைநிறுத்தம் முடியப்போகிறதாம், முடிந்தால் அடிதடி நிச்சயமாம். கொரங்கியைக் கண்டால் விடமாட்டோம் என்று பர்மியர்கள் வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்களாம். வாப்பா கயிற்றைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். நீ போன பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "ரெண்டு பேரையும் வரச் சொல்லு" என்றார். கவனித்தாயா, ரெண்டு பேரையும்.

தொப்பி போட்டவனை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அதனால் உன் அண்ணனுக்கும் ஒரு கைலியைக் கட்டி, உன் தொப்பி ஒன்றை வைத்து, சௌக்கத் பாய் கடைக்குக் கூட்டி வந்துவிடு. யாராவது கேட்டால் நீயே பேசு. அங்கிருந்து அடுத்த கப்பலில் இருவரும் புறப்படுங்கள். அவர் இங்கே எப்படி இருப்பார், என்ன சாப்பிடுவார் என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். உடனே எழுது.

ஷம்ஷாத்


ரங்கூன்
2 ஜூன் 1930

லாத்தா,

நான் பத்திரமாக இருக்கிறேன். கலகம் பற்றிப் பத்திரிகையில் வந்திருக்கும். நூற்றுக்கணக்கில் செத்தார்கள், எல்லாம் கொரங்கிகள். தப்பித்தவர்களைப் பழைய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன்.

அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை. உம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்.


ராயபுரம்
10 ஜூன் 1930

காதர்,

நீ கடிதத்தின் அடியில் பேர் எழுதவில்லை. இரண்டு பேரில் எதையும் எழுதவில்லை. அவசரத்தில் விட்டிருப்பாய் என்று உம்மா சொல்கிறாள். நீ அவசரக்காரன்தான், ஆனாலும் பேரை விடுகிறவன் இல்லை.

என் கடிதம் கிடைத்ததா இல்லையா? தொப்பி விஷயம் எழுதியிருந்தேனே. போய்ப் பார்த்தாயா? அவர் லயனில் இல்லையா? தகவல் இல்லை என்றால் என்ன அர்த்தம்? தேடிக் கிடைக்கவில்லையா, தேடவில்லையா? உனக்கு எங்காவது அடிபட்டிருக்கிறதா? வாப்பா தினமும் துறைமுகத்துக்குப் போகிறார். ரங்கூனிலிருந்து வருகிற கப்பல்களில் காயக்காரர்களை இறக்குகிறார்களாம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்து படுத்துவிடுகிறார்.

எது நடந்திருந்தாலும் எழுது. உன்னைப் பற்றி நான் இதுவரை எதற்காவது முகம் சுளித்திருக்கிறேனா? தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஷம்ஷாத்


ரங்கூன்
19 ஜூன் 1930

லாத்தா,

உன் கடிதம் கலகத்துக்கு முந்தின நாள் வந்தது. நீ சொன்னபடியே செய்தேன். மறுநாள் காலையில் தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. கைலியும் என் பழைய தொப்பியும் எடுத்துக்கொண்டு லயனுக்குப் போனேன். அவர் கதவுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அங்கே மற்ற யாரும் இல்லை. தொப்பியை நானே அவர் தலையில் வைத்தேன். சின்னதாக இருந்தது. "எம்மாந் தலைடா எனக்கு" என்று சிரித்தார்.

பாதி தூரம் வந்துவிட்டோம். ஒரு மூலையில் திரும்பினால் எதிரே கூட்டம். எல்லார் கையிலும் வெட்டுக்கத்தி. முன்னால் நின்றவன் எங்கள் கடையில் தினமும் டீ குடிக்கிறவன். என்னைக் காட்டி, சூலியா என்று மற்றவர்களிடம் சொன்னான். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவன் அண்ணனைப் பார்த்தான், அவர் காதைப் பார்த்தான். கடுக்கன். கைலி கட்டினேன், தொப்பி வைத்தேன், அவர் காதில் கிடந்த கடுக்கனைக் கழற்ற எனக்குத் தோன்றவே இல்லை. எந்த முஸ்லிம் கடுக்கன் போடுவான்?

இவன் உனக்கு யார் என்று கேட்டான். அந்த அளவுக்கு அவர்கள் பாஷை எனக்குத் தெரியும். அண்ணன் என்பதற்குச் சொல்லும் தெரியும், முதல் மாசமே கற்றுக்கொண்டேன். நான், தெரியாது என்றேன். எனக்கு யாரும் இல்லை, வழியில் கூட வந்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பாஷை தெரியும். பதினைந்து வருஷமாக அங்கே இருப்பவர்.

அவன் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டான், போ என்றான். நான் போனேன். ஓடவில்லை லாத்தா. ஓடினால் சந்தேகப்படுவார்கள் என்று யோசித்து, மெதுவாக நடந்தேன். அவ்வளவு நிதானம் அப்போது எனக்கு இருந்தது. அதுதான் என்னைத் தின்கிறது. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி, பிணக்கிடங்கு, அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் தேடினேன். இல்லை. ஆற்றில் நிறையப் பேரைத் தள்ளிவிட்டார்களாம்.

நான் யார் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். ரங்கூன் எனக்குச் சொல்லிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு உம்மா முன்னால் வந்து உட்கார்ந்து சோறு தின்ன என்னால் முடியாது. மேற்கே போகிற சரக்குக் கப்பல் ஒன்றுக்கு கரி அள்ளிப் போடும் நெருப்பறை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மாசக் கடைசியில் புறப்படுகிறது. அங்கே பேர் கேட்டால் எதையாவது சொல்லிக்கொள்வேன். என்னைத் தேட வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்.


ராயபுரம்
26 ஜூன் 1930

காதர்,

சௌக்கத் பாய் பேருக்கு வந்த தந்தி இதற்கு முன்பே உன் கையில் இருக்கும். அதை அனுப்பியது வாப்பா. புறப்படாதே, கடிதம் வருகிறது என்று மூன்று வார்த்தையும் அவரே சொல்லிக் கொடுத்தார். நீ அதற்குள் ஏறியிருக்கலாம். ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. நீ கப்பல் ஏறப் போகிறாய் என்பதை மட்டும் வாப்பாவிடம் சொன்னேன். மறுநாள், நேற்று, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வாப்பா கடைக்குத் திரும்பியபோது கயிற்றுக் கட்டின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது தோளில் கட்டு, அந்தக் கை துணியில் தொங்குகிறது. பேரைச் சொன்னதும் வாப்பா கடையைச் சாத்திவிட்டு அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

போலய்யா உயிரோடு இருக்கிறார், காதர். ஒரு வெட்டோடு சாக்கடையில் விழுந்திருக்கிறார். மீன் விற்கிற ஒரு பர்மியப் பெண்பிள்ளை தன் கூடைகளுக்குப் பின்னால் மூன்று நாள் மறைத்து வைத்து, பிறகு மூன்று வாரம் தன் வீட்டில் சோறு கொடுத்துக் கப்பலுக்கு அனுப்பியிருக்கிறாள். நீ அவரிடம் வாப்பா கடைப் பேரைச் சொல்லியிருந்தாயாம்.

வாசலில் கால் வைத்ததும் அவர் கேட்டது, "வந்துட்டானா?" என்பதைத்தான். இல்லை, ரங்கூனில் நன்றாக இருக்கிறான் என்றேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உம்மா கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் போலச் சொன்னார்.

"அந்தப் புள்ள என் தம்பி இல்லம்மா. எங்கம்மா தொலைச்சது பொட்டப்புள்ள. அவன் வந்து கதையச் சொன்னான். நான் தனியாக் கெடந்தேன், ஒரு தொணையாக் கீட்டுமேன்னு ஆமான்னுட்டேன். தெலுங்குப் புள்ளைங்க எல்லாந்தான் காதுராங்கும். அவன் அன்னிக்கி யாரும் இல்லன்னது நெசம். பொய் சொன்னவன் நான். அத்த அவனுக்கு எழுதுங்க, அதுக்குத்தான் வந்தேன்."

வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிய மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ யாரையும் கைவிடவில்லை, நீ எங்களுடையவன் மட்டும்தான். இதை அப்படியே எழுதித் தபாலில் போட்டால் நீ திரும்பி வந்துவிடுவாய். காகிதம் எடுக்க எழுந்தேன்.

அவர் அதற்குள் அப்படியே தரையில் சரிந்து தூங்கிவிட்டார். எத்தனை நாள் தூக்கமோ. உம்மா பாய் விரிக்க வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். சத்தம் போடாமல் கையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். கண் பாதி திறந்திருந்தது. வெள்ளை தெரிய, இமை இறங்காமல், அடிமூச்சோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

நீ வந்த முதல் ராத்திரி இப்படித்தான் தூங்கினாய். பிள்ளை செத்துவிட்டது என்று உம்மா போட்ட கூச்சலில் தெருவே எழுந்து வந்தது. அதற்குப் பிறகு நீ தூங்கியதும் அவள் வந்து விரலால் உன் இமையை மூடுவாள். கொஞ்ச நேரத்தில் அது திறந்துகொள்ளும். நீ மீசை வைத்த பிறகும், உனக்குத் தெரியாமல், மூடிக்கொண்டுதான் இருந்தாள். நீ தூங்குவதை நீ பார்த்ததில்லை காதர். நாங்கள் பார்த்திருக்கிறோம். நீ அவரிடம் இதைச் சொல்லியிருக்க முடியாது, உனக்கே தெரியாது. அவரும் நடித்திருக்க முடியாது.

உம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து இமையை மெதுவாக மூடினாள். அது திறந்துகொண்டது. வாப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். போலய்யா சொன்னதை மட்டும் எழுது, பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னார். வாப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இரவு முழுவதும் யோசித்தேன்.

அவர் உன் அண்ணன். நீ அன்று சொன்னது பொய்தான், அதை நீ சுமக்க வேண்டியதுதான். உனக்காக அவர் அதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லிக்கொண்டு வெட்டுப்பட்ட கையோடு கடல் தாண்டி வந்திருக்கிறார். இதை நான் எழுதாமல் இருந்தால் நீ எனக்கு மட்டும் தம்பியாக இருந்திருப்பாய்.

எழுந்ததும், பூர்வீக ஊரான நெல்லூருக்குப் போகிறேன் என்கிறார். நீ வந்து இறங்குகிறவரை அவரை விடமாட்டோம். வா.

ஷம்ஷாத்